இரண்டு ஓட்டும் கழிந்துபோகும்

"வாங்கய்யா, ஊரைக் கெடுத்த ராஜாக்களே" என்றாள் லொரெய்ன். தேநீர்க் கோப்பைகளை மேசையில் டொக்கென்று வைத்தாள்.

சந்தைக்கு எதிரே அவள் கடை. சனிக்கிழமை காலை என்றால் நானும் நெவிலும் அங்கேதான். என் நாய் பட்டன் மேசைக்கு அடியில்.

கடை முழுக்க ஒரே பேச்சு. நாடே சிவப்புக் கட்சிப் பக்கம் சாய்ந்தபோது, எங்கள் தொகுதியில் மட்டும் நீலக் கட்சிக்காரன் தப்பித்துவிட்டான். இருபது ஓட்டுகூட வித்தியாசம் இல்லை. மூன்று தடவை எண்ணியும் அவன்தான்.

எங்கள் ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியை மூடிவிட்டு எல்லாவற்றையும் தூரத்து லீட்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நோட்டீஸிலேயே போட்டவன் அவன். மூட விடமாட்டேன் என்றவள் சிவப்புக் கட்சிப் பெண். சொன்னதைச் செய்திருப்பாளா என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லவாவது சொன்னாள்.

"இந்தத் தெருவுல படுத்துத் தூங்கினதுங்க மட்டும் எந்திரிச்சுப் போயிருந்தாலே போதும்" என்றாள் லொரெய்ன். "உங்க ரெண்டு பேரையும்தான் சொல்றேன்."

"கணக்குத் தெரியாமப் பேசாத" என்றேன். "நான் சிவப்பு, இவன் நீலம். நான் ஒண்ணு போட, இவன் ஒண்ணு போட, ரெண்டும் கழிஞ்சுபோகும். எதுக்கு மழையில நனையணும்?"

இது எங்கள் ஒப்பந்தம். கம்பளி மில்லில் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் கைகொடுத்துப் பேசியது. எந்த ஓட்டாக இருந்தாலும் சரி, ரெண்டு பேரும் போவதில்லை. அன்றைக்குக் கிளப்பில் டாமினோ. தோற்றவன் பீர் வாங்க வேண்டும்.

நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. வங்கிக்காரன், பாதிரியார், டிவியில் நாளைக்கு வெயில் என்கிறவன், ஒருத்தனையும் கிடையாது. நெவிலை மட்டும் நம்பினேன். என் முட்டி போய் ஒன்பது வருஷமாகிறது. அன்றிலிருந்து பட்டனை நடக்கக் கூட்டிப்போவது அவன்தான்.

"அதானே" என்றான் நெவில். சொல்லிவிட்டுக் குனிந்து பட்டனுக்குப் பன்றிக்கறித் துண்டு ஒன்றைக் கொடுத்தான். ஒரு துண்டு கொடுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

நான் உள்ளூர்ப் பேப்பரைப் புரட்டினேன். எழுத்துக்கும் எனக்கும் தூரம். படம் பார்ப்பேன். நடுப்பக்கம் முழுக்க நாய்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் போடுவார்கள். ஓட்டுப் போட வந்தவர்கள் வாசலில் கட்டிவிட்டுப் போன நாய்கள். ஊரே அதைப் பார்த்துக் கொஞ்சும்.

கீழ் வரிசையில் ஒரு கறுப்பு நாய், தெப்பலாக நனைந்து. சர்ச் ஹால் வாசல் கம்பி. கூரை ஒழுகுகிறது என்று ஓட்டு நாள் தவிர வேறு நாளில் அந்த ஹாலைத் திறப்பதே இல்லை.

நாய்க்கு ஒரு காது நிமிர்ந்திருந்தது. இன்னொரு காது பாதிதான் இருந்தது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பட்டன் பாதிக் காதை ஆட்டிக்கொண்டு என் ஷூவை நக்கியது. மக்கு நாய். உட்கார் என்றால் உட்கார வேண்டும் என்று புரியவே அதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

வியாழக்கிழமை, ஓட்டு நாளன்று, டாமினோ ஆட்டத்துக்கு நடுவில் நெவில் எழுந்தான். நாய்க்கு வயிறு சரியில்லை, வெளியே விட்டுக் கூட்டிவருகிறேன் என்றான். சொட்டச் சொட்டத் திரும்பினான். சளி பிடித்துவிடப் போகிறதே என்று நான்தான் பிராந்தி வாங்கிக் கொடுத்தேன்.

பேப்பரை அவன் தட்டுக்கு மேலேயே வைத்து, படத்தில் விரலை வைத்தேன்.

அவன் பார்த்தான். அப்புறம் லொரெய்ன் எங்கே நிற்கிறாள் என்று பார்த்தான்.

"டேய் கீத், கத்தாத. நான் நீலத்துக்குப் போடல. உன் கட்சிக்குத்தான் போட்டேன், சத்தியமா. பெரிலுக்கு டயாலிசிஸ் அந்த ஆஸ்பத்திரியிலதானேடா. வாரத்துக்கு மூணு தடவை லீட்ஸுக்கு எப்படிடா கூட்டிட்டு அலைவேன்?"

பெரில் அவன் மனைவி. போன வருஷம்தான் சிறுநீரகம் கைவிட்டது. சந்தை வரைக்கும் வருவதற்கே அவளுக்கு மூச்சு வாங்குகிறது. அது நிஜம்.

"அப்ப ஏன்டா என்கிட்ட சொல்லல? ஒப்பந்தமாவது மண்ணாவது, நானும் வந்திருப்பேனே. ரெண்டு ஓட்டு விழுந்திருக்கும்."

"எங்கப்பன் நீலம். நானும் நீலம். சிவப்புக்குப் போடப்போறேன்னு உன் மூஞ்சியப் பாத்து எப்படிடா சொல்றது? சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பே."

சிரித்திருப்பேன். அதுவும் நிஜம்.

நல்ல பதில்தான். பொய் சொல்கிறவனும் இதைத்தான் சொல்வான். சீட்டில் பேர் கிடையாது. பெட்டியைக் கவிழ்த்து எண்ணிக் கட்டிவைத்தாயிற்று. எது எவன் போட்டது என்று இனி யார் வந்து எனக்குக் காட்டப்போகிறார்கள்?

அவன் நாற்காலியில் தொங்கிய நாய்க்கயிற்றை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.

"இன்னைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"அந்தக் காலை வச்சுக்கிட்டா?" என்றான்.

வெளியே தூறல். முட்டி ஒவ்வொரு அடிக்கும் என்னைத் திட்டியது. எந்தப் பக்கம் போவது என்று நான் யோசிக்கவில்லை. பட்டன் இழுத்த பக்கம் போனேன்.

சர்ச் ஹால் வந்தது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். பட்டன் நின்றுவிட்டது. நேராக வாசலுக்குத் திரும்பி, கடைசிக் கம்பியில் முதுகை ஒட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தது. ஒரு தடவையில் பழகுகிற நாய் இல்லை அது.

கதவு பூட்டியிருந்தது. பட்டன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு, நெவில் வெளியே வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது.