இஸ்ஸும் வாஸும்

தமிழ்நிலா ரப்பரை அழுத்தி அழுத்தித் தேய்த்ததில் நோட்டுத்தாள் கிழிந்தே போனது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஓட்டைக்கு மேலே இடம் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கொட்டை எழுத்தில் 'இஸ்' என்று எழுதினாள்.

ஆனந்தமேரி டீச்சர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'மை ஃபாதர் வாஸ் எ டிரைவர்' என்று வெள்ளிக்கிழமை பிழையில்லாமல் எழுதிய வரிதான். சனி, ஞாயிறு லீவு முடிந்து வந்ததும் வராததுமாக வாஸை அழித்துவிட்டு இஸ் போட்டிருக்கிறாள்.

சாணார்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம் அது. அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு வார்த்தைகளையும் பழக்க ஆனந்தமேரி பட்ட பாடு கொஞ்சமில்லை. எழுத்துக்கூட்டக் கூடாது, பார்த்ததுமே வாயில் வர வேண்டும்.

பச்சை அட்டையில் இஸ், மஞ்சள் அட்டையில் வாஸ். சாக்பீஸை மேஜைமேல் வைத்துப் பச்சையைக் காட்டுவாள். அந்தச் சாக்பீஸையே எடுத்து முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு மஞ்சளைக் காட்டுவாள். "இருந்தா இஸ்ஸு, இருந்துட்டு இல்லாமப் போனா வாஸு" என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். அதை முதலில் பிடித்துக்கொண்டவளே தமிழ்நிலாதான்.

"ஏன் பாப்பா அழிச்ச? நல்லாத்தான எழுதியிருந்த?"

"அது தப்பு டீச்சர்."

"இல்லடா. அப்பா இப்ப..."

"எங்கப்பா தாடி வச்சிருக்காரு டீச்சர். முன்னாடி வைக்கல. இப்ப வச்சிருக்காரு."

"கனவுல வந்தாரா?"

தமிழ்நிலா பென்சிலைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வருசத்துக்கு முன்னால் தேனிப் பக்கமிருந்து வந்தவர்கள் அம்மாவும் மகளும். புவனேஸ்வரி வரும்போதே பொட்டில்லாத நெற்றியோடுதான் வந்தாள். கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிப்போன லாரி மலைப்பாதையில் கவிழ்ந்து, ஓட்டிப்போன புருசன் போய்விட்டான் என்றாள். இருபத்தாறு வயசுப் பெண்ணிடம் அதற்குமேல் என்ன கேட்பது? மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கச் சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று எழுதியது ஆனந்தமேரிதான்.

அவளுக்கும் அந்த வலி தெரியும். வீட்டுக்காரர் சகாயராஜ் நெஞ்சுவலியில் போன பிறகும் ஒரு வருசம், "அவருக்கு உப்புத் தூக்கலா இருந்தா ஆகாது" என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டவர்கள் யாரும் திருத்தவில்லை. அது அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

அன்று தமிழ்நிலாவின் நோட்டில் அவள் சிவப்பு மையைத் தொடவில்லை. மறுநாள் புவனேஸ்வரியை வரச் சொல்லி அனுப்பினாள்.

தோட்டத்து வேலையை முடித்துவிட்டு மத்தியானம் வந்தாள் புவனேஸ்வரி. விரல் நுனியெல்லாம் காம்புக் கறை.

"உட்காரும்மா. புள்ளை மேல குத்தம் ஒண்ணுமில்ல." நோட்டை விரித்து, விசயத்தைச் சொன்னாள் டீச்சர். "அப்பா டிரைவரா இருந்தாருன்னு எழுதியிருந்தா. அதை அழிச்சிட்டு, இருக்காருன்னு மாத்தி எழுதியிருக்கா."

புவனேஸ்வரி அந்தக் கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "தப்புன்னு போட்டுருங்க டீச்சர்."

"நான் போட மாட்டேம்மா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அவ மனசு ஏத்துக்கக் கொஞ்ச நாளாகும். நீயும் வீட்டுல அதட்டாத."

"பெருசா, செவப்பு மையில போடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. நீங்க சொன்னா நம்புவா."

"ஏம்மா, சின்னப் புள்ளைகிட்ட இம்புட்டுக் கல் நெஞ்சா இருக்க?" குரல் தடித்துவிட்டதை உணர்ந்து டீச்சர் தணிந்தாள். சகாயராஜைப் பற்றிச் சொன்னாள். உப்பைப் பற்றிச் சொன்னாள். "போனவங்களை இருக்காங்கன்னு நெனச்சுக்கிறதுல யாருக்கு என்ன நட்டம்? நானே அப்படி இருந்தவதான்."

புவனேஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

"உங்களுக்குப் போய் அழுறதுக்கு ஒரு கல்லறையாச்சும் இருக்கு டீச்சர்."

ஆனந்தமேரிக்கு இத்தனை நாள் இதைக் கேட்காமல் விட்டோமே என்று இருந்தது. நாற்காலியை நெருக்கிப் போட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்புகூடக் கிடைக்கலையாம்மா?"

புவனேஸ்வரி அதில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள். வெளியே சத்துணவுக்குத் தட்டோடு வரிசையில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம வடமதுரை பஸ் ஸ்டாண்டுல, அவரு இன்னொரு புள்ளையத் தோள்ல தூக்கிட்டுப் போறத இவ பார்த்துட்டா டீச்சர்."