போர்க்களத்தில் ஒரு சிரிப்பு

“அந்த அம்மா இனிமே இந்தத் தியேட்டருக்குள்ள வரக்கூடாது. அவங்க வந்தா நான் வரமாட்டேன். ரெண்டுல ஒண்ணு இப்பவே சொல்லுங்க.”

என்றான் ஃபின்டன். அழுத கண்கள் இன்னும் சிவந்திருந்தன. ஸ்லைகோ நகரின் அந்தச் சின்னத் திரையரங்கில் மதியக் காட்சி முடிந்து, கூட்டம் குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. மேலாளர் ஊனா பாப்கார்ன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்டாள்.

ஃபின்டன் பள்ளியில் வரலாறு நடத்துபவன். டிராகனும் மந்திரவாளும் வரும் படமென்றால் பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்குகிறவன். இந்தப் படத்துக்கும் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் முதலில் வந்தான். வந்தவன் கடைசிக் காட்சியில் உடைந்துபோனான்.

போர் முடிந்த களத்தில் வயதான அரசி கைவிளக்கோடு தனியே நடக்கிறாள். விழுந்து கிடக்கும் வீரர்களின் முகத்தில் வெளிச்சத்தைக் காட்டி, தன் மகனா என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போகிறாள். இசை கிடையாது. காற்றின் சத்தம் மட்டும்தான். அன்று காட்சி முடிந்தும் எழாமல் உட்கார்ந்திருந்தவனை மனைவிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். அதன்பிறகு தனியாகவே வர ஆரம்பித்தான்.

வரும்போதெல்லாம் அதே காட்சியில், முன்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் சிரிப்பு கேட்டது.

“வாயைப் பொத்திக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறாங்க. பிணக்குவியலுக்கு நடுவுல ஒரு தாய் பிள்ளையைத் தேடுறா. தியேட்டரே அழுதுக்கிட்டிருக்கு. அதுல சிரிக்க என்ன இருக்கு?”

சிரித்ததற்காக ஒருவரை வெளியேற்ற முடியாது என்று ஊனா இழுத்தாள். செல்போன் அடித்தால் எழுப்பி அனுப்புகிறீர்களே, இது அதைவிடக் கேவலம் இல்லையா என்று அவன் மடக்கினான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் முன்வரிசையில் சிரித்த டிம்ப்னா மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே அரங்கிலிருந்து வெளியே வந்தாள். அறுபதைத் தாண்டிய வயது. ஊனாவுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியவளை ஃபின்டன் வழிமறித்தான்.

படிக்காமல் வந்த மாணவனுக்கு விளக்குவதுபோல அவளுக்கு அந்தக் காட்சியை விளக்கினான். இவ்வளவு பெரிய துக்கத்தை ஒருத்தி சுமந்து நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பது பாவம் என்றான். அவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தது அவன் ஆத்திரத்தை இன்னும் கிளறியது.

“உங்க வீட்டுல ஒரு சாவு விழுந்திருந்தா இப்படிச் சிரிப்பு வருமா?”

“ஃபின்டன், போதும்,” என்றாள் ஊனா.

டிம்ப்னா முகம் சுளிக்கவில்லை. “வெளிய கேட்டுடுச்சா? மன்னிச்சுக்கப்பா. அடக்கத்தான் பார்க்கிறேன், முடியல.” கோட்டின் பொத்தானைப் போட்டாள். “அரசி விளக்கைத் தூக்குறப்ப ஓரமா, செத்த குதிரைக்குப் பக்கத்துல ஒருத்தர் மல்லாந்து கிடப்பார். சிவப்புத் தாடி. அது எங்க வீட்டுக்காரர் மலக்கி. விக்லோ மலையில ஷூட்டிங் நடந்தப்ப, பிணமா படுக்க ஆள் எடுத்தாங்கன்னு போனார். ஒட்டுத்தாடி அரிச்சு, வீட்டுல எப்பவும் பண்ற மாதிரியே மூக்கைச் சுளிச்சுக்கிட்டே கிடக்குறார். வேற யார் கண்ணுலயும் அது படல. பிணமா நடிக்கக்கூடத் தெரியாத மனுஷன்.”

சொல்லும்போதே மறுபடியும் சிரித்துவிட்டாள்.

ஃபின்டனுக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரே உருகும் ஒரு காட்சி, இந்தக் குடும்பத்துக்கு வெறும் வேடிக்கை. “அப்படின்னா, ரெண்டு பேரும் வீட்டுல போட்டுப் பார்த்துச் சிரிச்சுக்க வேண்டியதுதானே? எங்க அழுகையை ஏன் கெடுக்கறீங்க?”

டிம்ப்னா வாசலில் நின்று குடையை விரித்தாள்.

“படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார் தம்பி. வீட்டுக் கூடத்துல சவப்பெட்டியைத் திறந்து வெச்சிருந்தப்ப, வந்தவங்க எல்லாரும் அழுதுக்கிட்டிருந்தாங்க. நான் அந்த மூக்கையேதான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அது அசையவே இல்ல.”