பூங்காவில் ஒரு பிரார்த்தனைக் கல்

பூங்காவின் நடுவிலிருந்த பிரார்த்தனைக் கல்லைத் தூக்க கிரேன் வந்து நின்றது. கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த பெரியவர் அசையவில்லை.

"ஐயா, காலையிலேருந்து கெஞ்சறேன், கொஞ்சம் எழுந்திருங்க. இதை வைக்கவும் என்னைத்தான் அனுப்பினாங்க, எடுக்கவும் என்னைத்தான் அனுப்பறாங்க," என்றார் நகராட்சி என்ஜினீயர்.

"தினம் நாலு பேர் கும்பிட்டுட்டுப் போறாங்க. அது அவங்க உரிமை. கல்லு யாரை என்ன பண்ணுச்சு?"

"பொது இடத்துல எந்தச் சின்னமும் வேணாம்னு மனு வந்திருக்கு."

"யாரு குடுத்தது?"

என்ஜினீயர் பெருமூச்சு விட்டார். "பிரார்த்தனைக் குழுதான்."

"கல்லை வச்சதே அவங்கதானே?"

"இந்தக் கல்லு இருக்கிறவரைக்கும், 'கடவுள் இல்லை'ன்னு செதுக்கின அந்த பெஞ்சும் பக்கத்துல இருக்கலாம்னு கோர்ட் சொல்லிடுச்சே. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகணுமாம்."

பெரியவர் பெஞ்சைப் பார்த்தார். பிறகு திரும்பி, இரண்டு கைகளாலும் கல்லைக் கட்டிக்கொண்டார்.

"இதை விட்டா எங்களுக்கு வேற கதியே இல்ல சார்," என்றார் நாத்திகர் சங்கத் தலைவர்.