கலிங்கில் வைத்த மண்

"இந்தக் காலத்துல எவனுக்குவே ஊர்மேல அக்கறை?" உடைந்த குளத்துக்கரையில் நின்று சத்தம் போட்டார் வீரபாண்டி. வெள்ளம் அவர் மகள் அன்னக்கிளியின் வீட்டைக் கொண்டுபோயிருந்தது.

சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஓவர்சியர் சொன்னார்: "மிச்சத் தண்ணி வழியுத கலிங்கை யாரோ களிமண் வச்சு ஒசத்தியிருக்காங்க. அதான் கரை உடைஞ்சிருக்கு. அடைக்காம விட்டிருந்தா தண்ணி ஓடையோட போயிருக்கும். யாரு வச்சது பெரியவரே?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? படிச்சவன் பேச்சை நான் நம்புததில்ல. பேய்மழைவே இது!"

பின்னால் நின்ற அன்னக்கிளி விம்மினாள்.

"பிசானப் போக நெல்லுக்குத் தண்ணி பத்தணும்னு நீங்கதானப்பா வச்சீய? கூடையில மண்ணு சுமந்தவ நாந்தான?"

வீரபாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு கூடை மண்ணுக்கா மக்கா கரை உடையும்?"

பதிலுக்கு நிற்காமல் கரையிறங்கி நடந்தார்.