துண்டை விலக்கிய காளை

வைக்கோல் வண்டி இழுத்து இழுத்து மயிலைக்காளைக்குக் கழுத்து காய்த்துப்போயிருந்தது. பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கலாம் என்று சந்தைக்குப் போனது.

சந்தை வழக்கப்படி ரகசியமாக விலை பேச, தரகுக் குரங்கு துண்டை விரித்தது. துண்டுக்கடியில் காளையின் குளம்பை ஆறு தடவை தட்டியது. தட்டுக்குப் பத்து என்று அறுபது கட்டு வைக்கோல் விலை.

"ஒரே ஓனர் மாமா. பெயிண்டைப் பாருங்க."

"மூணு ஓனர்," என்றது பக்கத்தில் விற்பனைக்கு நின்ற பிக்கப். "பெயிண்ட் போன வாரம் அடிச்சது, அடியில துரு. காலையில மூணு தடவை சாவி திருகினாத்தான் ஸ்டார்ட் ஆவேன். இன்ஜின் நல்லாருக்கு. நாப்பது கட்டுக்கு மேல பெறமாட்டேன்."

குரங்கு பல்லைக் கடித்தது. காளைக்கு அசைபோடவே மறந்துபோயிற்று. அதையும் நாலு சந்தையில் விற்றிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொம்பைச் சீவி, எண்ணெய் தடவி, இளங்காளை என்று நிறுத்தினார்கள். அதுவும் பேசாமல் நின்றது. உண்மையைச் சொல்லலாம் என்றே தோன்றியதில்லை.

காளை துண்டை விலக்கியது. "நாப்பது கட்டு," என்றது, சந்தைக்கே கேட்கும்படி.

பிறகு பிக்கப்பின் அருகே போய்த் தலையைத் தாழ்த்தியது.

"எனக்குப் பதினாலு வயசாகுதுங்க," என்றது மெதுவாக. "இடது முன்னங்கால் கொஞ்சம் நொண்டும்."