எட்டு மாத மறதி

"ஃபில்டர் கேண்டிலை ஆறு மாசத்துல மாத்தியிருக்கணும். பதினாலு ஆயிடுச்சு. என் தப்புதான்" என்றான் கணவன், மெக்கானிக்கிடம் மூன்றாவது தடவையாக.

"ஊர்ல இருக்கறவங்க பொறந்தநாளெல்லாம் ஞாபகம் இருக்கும். பெத்த பொண்ணு குடிக்கிற தண்ணி மட்டும் மறந்துடும்" என்றாள் மனைவி, ஆஸ்பத்திரிப் பையில் துணிகளைத் திணித்தபடி. இரண்டு நாளாக அவனோடு பேசுவதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான்.

ஐந்து வயது மகளுக்கு மஞ்சள் காமாலை. "வீட்டுத் தண்ணி எப்படி?" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். அப்போதுதான் இவனுக்கு ஃபில்டர் ஞாபகமே வந்தது.

மெக்கானிக் குப்பைக்கூடையை நகர்த்தி, அதன் பின்னால் கையை விட்டு வால்வை மூடினார். அங்கே ஒரு வால்வு இருப்பதே இவனுக்கு இன்றுதான் தெரியும். புது வீட்டுச் சாவியை வாங்கியபோதே ஃபில்டரும் மாட்டித்தான் இருந்தது.

ஃபில்டர் மூடியைத் திருகும் சத்தம் கேட்டதும் இவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சேறு அப்பிக் கிடக்கும். அதைக் காட்டி ஆயுசு முழுக்க அவள் கேட்பாள், கேட்கட்டும்.

"சார், இங்க பாருங்க."

வெள்ளை வெளேரென்று இருந்தது கேண்டில்.

மனைவி முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "மாத்திட்டுத்தான் பொய் சொன்னீங்களா?"

"சத்தியமா தொடவே இல்லடி!"

மெக்கானிக் ட்யூபை விரலால் தடவிக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது.

"இதுக்குள்ள தண்ணியே போனதில்ல சார். ட்யூபை மாத்திச் சொருகியிருக்கு. தொட்டித் தண்ணி அப்படியே குழாய்க்கு வந்திருக்கு."

அவள் பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாதா மாதம் மாற்றியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. யாரை நொந்துகொள்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் குறுகிக் கிடந்தவனுக்கு இப்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்த மடையன் மாட்டினான்? ஆளைச் சொல்லுங்க, அவன் வீட்டு வாசல்லயே போய் நிக்கிறேன்!"

மெக்கானிக் கேண்டிலைக் கீழே வைத்தார். ஜன்னலுக்கு வெளியே, எதிர் பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அடம்பிடித்தது.

"இந்த பில்டிங்ல நாப்பது வீட்டுக்கும் நான்தான் சார் மாட்டினேன்."