நிபாரண் பாபுவின் தாடி

"அழாத பாப்பா. என்கூட வந்துடு" என்று வெள்ளைத் தாடிக் கிழவன் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்தான். குழந்தை தாடியை நிமிர்ந்து பார்த்து இன்னும் பலமாக அழுதது.

கண்டெய்னர் லாரிகள் கொஞ்சம் இடம் விட்டதும் கிழவன் குழந்தையோடு சாலையைக் கடந்தான். எதிர்ப்பக்கம் கால் வைத்ததுதான் தாமதம், யாரோ அவன் சால்வையைப் பிடித்து இழுத்து மூடிய கடை ஷட்டரில் சாத்தினார்கள். மீன் விற்கும் குப்பம்மா குழந்தையைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"புள்ள புடிக்கிறவன் மாட்டிகினான்" என்றார் ஆட்டோ ஓட்டும் ஜெயவேல். காலடிப்பேட்டையில் குடிதண்ணீர் லாரி வந்தால்கூட அத்தனை சீக்கிரம் கூட்டம் சேராது.

ஜெயவேல் செல்போனை உயர்த்திக் காட்டினார். வடநாட்டுக் கும்பல் ஒன்று பிள்ளை பிடிக்க இறங்கியிருக்கிறது என்று காலையிலிருந்து சுற்றும் செய்தி, கூடவே ஒரு படம்.

"இதுல கீறவனுக்கு தாடியே இல்லியே" என்றாள் குப்பம்மா.

"அது நேத்து எட்த்த போட்டோ. இன்னிக்கு வளத்துகினு வந்துகிறான்."

கூட்டம் இதை ஏற்றுக்கொண்டது.

கிழவனுக்கு வயது இருபது. பெயர் அமீர், வீடு எண்ணூர், படிப்பது பி.காம். இன்று கல்லூரி விழாவில் அவன்தான் நாடகக் கதாநாயகன் நிபாரண் பாபு. வெள்ளைக்காரன் காலத்து வங்காளத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் பாஷையிலேயே பாடப் புத்தகம் எழுதி, பெண்களுக்கும் பள்ளிக்கூடம் திறந்த மனிதர். வெள்ளைக்காரன் அவர் வேலையைப் பறித்தான். ஊர்க்காரன் கல்லை எடுத்தான். கல்லூரியின் ஒப்பனை அறையில் உடைந்த பெஞ்சுகள் குடியிருந்ததால், நண்பன் ஜெரின் வீட்டில் வேஷம் போட்டுக்கொண்டு நடந்து வந்தான் அமீர். வழியில் லாரிகளுக்குப் பயந்து தனியாக அழுத குழந்தையைச் சாலையைக் கடக்க வைக்கத்தான் கையைப் பிடித்தான்.

கல்லெறியும் காட்சியில் நிபாரண் பாபு கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். ஒத்திகையில் அதை அமீர் பிரமாதமாகச் செய்திருந்தான். இப்போது அந்தப் புன்னகை ஞாபகத்துக்கே வரவில்லை. ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வாகாகப் பிடித்திருந்தான். இன்னொருவன் தள்ளுவண்டியிலிருந்து கட்டை ஒன்றை உருவிக்கொண்டிருந்தான்.

"பேரு இன்னா? எங்கேர்ந்து வர்ற?"

அமீர் வாயைத் திறந்தான். பயத்தில் வந்தது வங்காளம்.

"பாத்தியா, பாஷையே வேற" என்றார் ஜெயவேல். முதல் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி சாக்கடை ஓரமாகப் போய் விழுந்தது.

அடுத்த கை ஓங்குவதற்குள் அமீர் தாடியைப் பிடித்து ஒரே இழுப்பில் பிய்த்தான். கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. "அண்ணே, டிராமாண்ணே. ஒட்டுத் தாடிண்ணே. காலேஜ் பையன்ணே நானு. பேரு அமீரு."

குப்பம்மா தாடியை வாங்கித் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தாள். "கோந்து நாத்தம்தான் அடிக்குது."

"தாடி டூப்பு, சரி. ஆளு?" என்றான் ஹெல்மெட்காரன். "இப்பல்லாம் அவனுங்க நல்லாவே தமிழ் பேசறானுங்க."

கட்டை உயர்ந்தது.

ஜெயவேல் கையைக் காட்டி நிறுத்தினார். நியாயமான மனிதர், அடிப்பதற்கு முன் விசாரிக்க வேண்டும் என்பார். "நம்ம ஏரியா பையன்னா, எங்க, என்னிய திட்டு பாப்போம்."

"அண்ணே, பெரியவங்களப் போயி..."

"திட்றியா, வாங்கறியா?"

அமீர் கண்ணை மூடிக்கொண்டான். "டேய் கஸ்மாலம்" என்று நடுங்கிக்கொண்டு ஆரம்பித்தவன், போகப் போகச் சூடு பிடித்து, ஜெயவேலின் மூஞ்சி, மீட்டர், பரம்பரை என்று ஒன்றையும் விடவில்லை. மிச்சத்தை அச்சிட வழியில்லை. குப்பம்மா குழந்தையின் காதைப் பொத்தினாள். பிறகு தன் காதையும் பொத்த முடியாமல் போனதற்காக வருந்தினாள்.

கட்டை தள்ளுவண்டிக்குத் திரும்பியது. ஜெயவேலின் முகம் நல்ல கச்சேரி கேட்டவர் முகம்போல மலர்ந்திருந்தது.

"நம்ம புள்ளடா" என்று அமீரின் தோளில் கை போட்டார். "வெளியூர்க்காரனுக்கு இது சொல்லிக்குட்த்தாலும் வராது. ரத்தத்துல இருக்கணும்."

கோலி சோடா வந்தது. குப்பம்மா மூக்குக்கண்ணாடியைப் புடவையில் துடைத்துக் கொடுத்தாள். "ரொம்ப வலிக்குதா கண்ணு? அப்பா இன்னா பண்றாரு?"

"வெல்டர்க்கா. நான் பொறந்ததே எண்ணூர்லதான்." சோடா பாட்டில் பல்லில் மோதிச் சத்தம் போட்டது.

ஜெயவேல் காசு வாங்காமல் கல்லூரி வரை கொண்டு விட்டார். வழியெல்லாம் வருத்தப்பட்டார். "மனசுல வச்சிக்காத நைனா. அந்தக் கும்பல் மாட்டட்டும். வாயத் தொறந்து ரெண்டு வார்த்த பேசுனா போதும், கண்டுபுடிச்சிடுவோம்."

"ஆமாண்ணே" என்றான் அமீர்.

ஆட்டோ முனை திரும்பி மறையும்வரை கையசைத்தான். செல்போன் அடித்தது. அம்மா. நாடகம் பார்க்கக் கிளம்பிவிட்டாளாம். காலடிப்பேட்டையில் இறங்கி யாரிடமாவது வழி கேட்டு வந்துவிடுவாளாம்.

அமீர் அக்கம்பக்கம் பார்த்தான். ஒருவரும் இல்லை என்று தெரிந்த பிறகும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"யார்கிட்டயும் வாயத் தொறக்காதம்மா. நாம பெங்காலின்னு தெரிஞ்சிடும்."